மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிய பச்சைக் கூடை

மாமா,

லேக் மார்க்கெட் வட்டாரத்து மகாஜனங்களுக்கும், அதற்குச் சற்று மேலே குடியேறிவிட்ட உங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று ஞாயிறு காலை, நம் கட்டடத்தின் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து பச்சை நிற வயர் கூடை ஒன்று கயிற்றின் மூலம் புறப்பட்டு, இரண்டாம் மாடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியில் ஒருமுறை சிக்கி, பிறகு பொதுமக்கள் முன்னிலையில் பத்திரமாகத் தரையிறங்கியது. கூடையில் இருந்தது: கொத்தமல்லியும் எலுமிச்சையும் கேட்டு ஒரு சீட்டு. சேதம் எதுவும் இல்லை. பொதுமக்கள் என்பது நானும் மீன்காரரின் பூனையும்.

அறிவிப்பு முடிந்தது. இனி உண்மை. அது உங்கள் கூடை. மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். (பூனையும் பார்த்தது. அதற்குப் பிடிக்கவில்லை.) காப்பிப்பொடியும் பாச்சை உருண்டையும் கலந்த அதே வாசனை. கைப்பிடியில் நீங்கள் போட்ட அதே முடிச்சு. அண்ணாந்து பார்த்தேன். உங்கள் மங்கி கேப் எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு பெண்ணின் தலை.

"தம்பி, இதக் காய்க்காரர்கிட்ட குடுத்துருங்களேன். எனக்குப் பெங்காலி வராதுங்க."

நந்தினி அக்கா. கோயம்புத்தூர். சால்ட் லேக்கில், செக்டர் ஃபைவில் வேலை. போன வாரம்தான் உங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். பால்கனி ஆணியில் தொங்கிய கூடை எதற்கென்று எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் புத்தி தானாக வரும். முழங்கால் வழியாக வரும்.

நம் கூடைப்போர் நினைவிருக்கிறதா? நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். பள்ளியில் கூடைப்பந்து வராது. ஆனால் கூடையில் பந்து வைக்க வரும். தக்காளி கேட்டீர்கள், நான் சிவப்புச் சாயம் பூசிய ரப்பர் பந்து இரண்டை நடுவில் வைத்து அனுப்பினேன். அரை மணி கழித்துக் கூடை இறங்கியது. உள்ளே ஒரு பந்து, ஒரு சீட்டு. "தக்காளி இரண்டு ஷார்ட் லேண்டட். ஒரு பந்து பறிமுதல். பொறுப்பு: வில்லங்கம்." கிடர்பூர் டாக்கில் வாழ்க்கை முழுவதும் கப்பல் சரக்கை இறக்கிய மனிதர் நீங்கள். சரக்கு குறைந்தால் அப்படித்தான் எழுதுவீர்கள். அன்றோடு என் பெயர் வில்லங்கம் ஆயிற்று. பிளாஸ்டிக் பல்லி அனுப்பினேன். அதற்கு ஊசிநூலால் ஒரு சட்டை தைத்துத் திருப்பி அனுப்பினீர்கள். இப்படிப்பட்ட எதிரி யாருக்குக் கிடைப்பார்?

பிறகு ஒரு டிசம்பர் காலை அந்தச் சீட்டு வந்தது. "என் பால்கனியைக் கீழேர்ந்து பாத்து நாலு வருஷம் ஆச்சு. அங்கேர்ந்து நான் எப்படிடா இருக்கேன்?"

நான் கீழிருந்தே கத்தினேன். "கம்பிக்குள்ள குரங்கு மாதிரி, மாமா!"

எப்போதும் மேலிருந்து ஒரு வசவு விழும். அன்று விழவில்லை. தலை உள்ளே போய்விட்டது. மூன்று மாடி ஓடி வந்தேன். நீங்கள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கப்பலேர்ந்து யானையை இறக்கிருக்கேன்டா. என்னை இறக்க ஒரு வழி தெரியல. கீழ போய் நின்னு, என் கூடை வர்றதை நான் ஒரு தடவை வாங்கணும். அவ்வளவுதான்."

டொராண்டோவில் இருந்த உங்கள் மகள் லிஃப்ட் உள்ள வீட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நீங்கள் இந்தத் தெருவை விட மாட்டேன் என்றீர்கள். ஆனால் தெரு உங்களை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தூக்கலாம் என்றால் ஆள் வேண்டும். என் எடை உங்களுக்குத் தெரியும். காற்றடித்தால் நானே ஒரு பட்டம். அப்பாவுக்கு இடுப்பு. மீதி இருந்தது என் அக்கா மீனா. செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிறு என்றால் மதியம் வரை தூக்கம். தூங்குகிறவளைத் தூக்கச் சொல்ல முடியுமா? அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனிலிருந்து அவள் டீமுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "ஞாயிறு காலை என் வீட்டில் தோசையும் காப்பியும். ஒரு கனமான விஷயம் பேச வேண்டும்."

மூன்று பேர் வந்தார்கள். மாடுமாதிரி உடம்பு உள்ள சௌமிக்-தா, அவருடைய நண்பர்கள் இருவர். இங்கே தாதா என்றால் அண்ணன். மூன்று தாதாக்கள் நம் வீட்டில் என்று சென்னைச் சித்தியிடம் போனில் சொன்னேன். அங்கே தாதா என்றால் ரௌடி அல்லவா, போலீஸைக் கூப்பிடட்டுமா என்றாள். அக்கா என் காதைத் திருகினாள். தோசை தீர்ந்தபின் நான் கனமான விஷயத்தைக் காட்ட மூன்றாம் மாடிக்கு அழைத்துப் போனேன்.

நீங்கள் அவர்களை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"இவாளா? லேப்டாப்புக்கு மேல எதையாவது தூக்கிருக்காளா?"

"மாமா, சௌமிக்-தா தினம் ஜிம்முக்குப் போறார்."

"இரும்பு புகார் பண்ணாது. நான் பண்ணுவேன்."

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மாமா, இவா எல்லாம் நான் கூப்ட்டதா நெனைச்சு வந்திருக்கா. தோசைக்காக வந்திருக்கா. சேவை அது இதுன்னு எதுவும் நெனைச்சு வரல."

அப்போது நீங்கள் சொன்னதை நான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறேன். "எதுக்கு வந்தான்னு எனக்கு எதுக்கு? எந்தப் பக்கம் பிடிக்கிறான்னு கேளு."

முதல் ஞாயிறு சோதனைத் தூக்கு என்றீர்கள். நான் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். உங்கள் டாக்கில் புதுக் கயிறு, புது ஆள் என்றால் முதலில் வேறொரு பாரத்தைத் தூக்கிப் பார்ப்பார்களாம். பூஜைப் பந்தல் பிரித்தபின் கிளப்பில் கிடந்த இரண்டு மூங்கிலை வாங்கி வந்து, உங்கள் பிரம்பு நாற்காலியின் இரு பக்கமும் வைத்துக் கட்டினோம். பாரம்: நான், என் மடியில் ஓர் அரிசி மூட்டை. முன்னால் இருவர், பின்னால் இருவர், பின்னால் நின்றதில் ஒருத்தி அக்கா. நீங்கள் மாடிப்படி உச்சியில் கைப்பிடியைப் பிடித்து நின்று டாக் பாஷையில் ஆணையிட்டீர்கள். இறக்க "ஆரியா". தூக்க "ஹாபிஸ்". ஹாபிஸ் என்றதும் சௌமிக்-தா, "ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸா!" என்று முனகினார். அவர் தூக்கிய முதல் பாரம் அந்த ஜோக்.

பாரம் பத்திரமாகக் கீழே சேர்ந்தது. அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் லேசாகத் தலை சுற்றியது.

அப்புறம் விதி சொன்னீர்கள். வங்காளத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. "இறக்குன்னு ஒருத்தன்தான் சொல்லணும். அது நான். ஆனா நிறுத்துன்னு யார் வேணா சொல்லலாம். யார் கத்தினாலும் உடனே நிக்கணும். கத்தினவன் பைத்தியமா வில்லங்கமான்னு அப்புறம் விசாரிச்சுக்கலாம்."

எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. உங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் படியிறங்கும் பதவி. இதைச் சாதாரணமாக நினைப்பவர்கள் வெறுங்காலோடு லேக் மார்க்கெட் மீன்கடைப் பக்கம் நடந்து பார்க்கட்டும்.

அடுத்த ஞாயிறு. நீங்கள் இஸ்திரி போட்ட வேட்டி, ஸ்வெட்டர், மங்கி கேப் அணிந்து உள்ளேயிருந்து வருவதற்குள் அவர்கள் மூங்கிலை மறுபடி கட்டி முடித்திருந்தார்கள். நாற்காலி புறப்பட்டது. நீங்கள் ராஜா மாதிரி நேரே பார்த்துக்கொண்டு "ஆரியா... ஆரியா..." என்றீர்கள். முன்னால் நான் செருப்போடு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பல்பு எரியவில்லை. அங்கேதான், மாமா, இந்த வட்டாரமே இன்றும் பேசும் அந்தச் சம்பவம்.

"நிறுத்து!" என்று நான் கத்தினேன்.

"விளையாடாதேடா, கை விட்டுப்போறது!" என்றாள் அக்கா.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு முஷ்டியை மடக்கி உயர்த்தினீர்கள். நாலு பேரும் சிலையாக நின்றார்கள்.

"கத்தியாச்சு. நின்னாச்சு. மெதுவா கீழ வை. சௌமிக், அடியில பாரு."

சௌமிக்-தா போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். "ஏ பாபா!" என்றார். நம் ஊர் ஐயையோ. காலையில் கயிறு இடது பக்கத்துக்குப் போதாமல் போயிருக்கிறது. கம்ப்யூட்டர்க்காரர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஆபீஸ் பையில் இருந்த கேபிள் டை மூன்றைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒயர்களைக் கட்டும் அந்தப் பிளாஸ்டிக் பட்டை. மூன்றில் இரண்டு அறுந்துவிட்டிருந்தது. மூன்றாவது பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்தாறு படி போயிருந்தால் இடது மூங்கில் கழன்றிருக்கும். இடது பக்கம் சுவர் இல்லை. அரை ஆள் உயரக் கம்பி, அதற்கப்பால் கீழ்த்தளம்வரை வெறும் பள்ளம்.

சௌமிக்-தா நிமிர்ந்தார். அவர்கள் பாஷையில் தாத்தா என்றால் தாது. "தாது, திரும்பிப் போயிடலாம்" என்றார்.

"திரும்பறதுன்னா ஏறணும். ஹாபிஸ் கஷ்டம். வில்லங்கம், மேல போய்க் கூடைக் கயித்தைக் கழட்டிண்டு வா."

அந்தப் படித் திருப்பத்தில் நீங்கள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு, குனிந்து, உங்கள் கையாலேயே முடிச்சுப் போட்டீர்கள். முழங்கால் நடுங்கியது. விரல் நடுங்கவே இல்லை. சௌமிக்-தா முகத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சுற்றையும் பார்த்தார். முடித்ததும் அவரைத் தட்டிக்கொடுத்து, "உன் பட்டை கம்ப்யூட்டருக்கு நல்லது. நான் கம்ப்யூட்டர் இல்லை" என்றீர்கள். என் பக்கம் திரும்பி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, "நல்ல கண்ணுடா உனக்கு" என்றீர்கள்.

அதோடு நான் வீரன் ஆனேன்.

கீழே போனதும் நீங்கள் முதலில் செய்தது தலையை அண்ணாந்து பால்கனியைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தீர்கள். "சின்னதா இருக்கேடா" என்றீர்கள். நானும் அக்காவும் மேலே ஓடினோம். அவள் அவசரத்துக்குப் புடவை ஒன்றைத் திரித்து அதில் கூடையை இறக்கினாள். நீங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள். காய்க்கடையில் ஒரு பாகற்காயைப் பொறுக்கி, அதில் பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்து, "வில்லங்கத்துக்கு" என்று எழுதி மேலே அனுப்பினீர்கள். நாலு வருஷத்துப் பாக்கியை ஒரே பாகற்காயில் தீர்த்த மனிதர் நீங்கள் ஒருவர்தான். மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்த சௌமிக்-தா திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆபீஸில் நான் செய்யும் வேலை யாருக்குப் போய்ச் சேர்கிறதென்று எனக்கு இதுவரை தெரியாது. இது சேர்ந்த இடம் தெரிகிறது" என்று அக்காவிடம் சொன்னாராம். தோசைக்கு வந்தவர், மாமா!

அடுத்த ஞாயிறு கூப்பிடாமலே வந்தார். கையில் தேங்காய்நார்க் கயிறு.

அப்புறம் ஞாயிறுதோறும் நீங்கள். பிறகு எதிர்க் கட்டடத்து வங்காளப் பாட்டி, எல்லோருக்கும் மாஷிமா, அதாவது சித்தி. மூன்று வருஷமாகப் பூஜைப் பந்தலை டிவியில் மட்டுமே பார்த்தவர். பிறகு ரயில்வேயில் இருந்த முதலியார் தாத்தா. ஆளும் சேர்ந்தது. ஒருத்தர் தன் கம்பெனி தரும் சான்றிதழுக்காக வந்தார். ஒருத்தர் அக்காவின் தோழிக்காக வந்தார். நீங்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. "இடமா, வலமா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

இந்த மழைக்காலத்தில் கடைசியாக உங்களை அதே படியில் இறக்கினோம். அதே நாலு பேர். நீங்கள் ஆரியா சொல்லாததால் சௌமிக்-தா மெதுவாகச் சொன்னார். நான் உங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அன்று மட்டும் நிறுத்து என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியிருந்தால் நின்றிருப்பார்கள்.

சரி, சரி. மூக்கைத் துடைத்துக்கொண்டேன். இன்றைய செய்திக்கு வருகிறேன், அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து குதிக்கிறேன்!

கொத்தமல்லியோடு கூடையில் நானும் ஒரு சீட்டு வைத்தேன். "ஒரு கனமான விஷயம் பேச வேண்டும். உடனே இறங்கவும்." நந்தினி அக்கா இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைப் பிசைந்தார்.

"வாரம் பூரா வேலைங்க தம்பி. ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. அதுவும் இந்த ஊர்ல எனக்கு யாரையுமே தெரியாது."

"இங்க நிக்கறவாள்ல பாதிப் பேருக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாது அக்கா. மேலேர்ந்து கீழ வர்றதுக்குள்ள தெரிஞ்சுடும். அறுபத்திரண்டு படி."

"எனக்கு வெயிட்டெல்லாம் தூக்க வராதுங்களே."

"இடமா, வலமா?" என்றேன்.

சிரித்துவிட்டார். வலம் பிடித்தார். அதோடு விடவில்லை, மேலே தூங்கிக்கொண்டிருந்த தன் அறைத்தோழியையும் எழுப்பிக் கொண்டுவந்தார். சௌமிக்-தா தன் ஆபீஸிலிருந்து புதிதாக மூன்று பேரைக் கூட்டி வந்திருந்தார். மாமா, கேளுங்கள்: இன்று முதல்முறையாக இரண்டு நாற்காலி, ஒரே நேரத்தில், எதிரெதிர்க் கட்டடத்திலிருந்து! மாஷிமா ஒரு பக்கம், முதலியார் தாத்தா ஒரு பக்கம். தெருவே கிடர்பூர் ஆகிவிட்டது. யார் முதலில் தரையிறங்குவது என்று இரண்டு பேரும் சண்டை. தாத்தா, "ரயில் லேட்டானதே இல்லை" என்கிறார், மாஷிமா நாற்காலிக் கையைத் தட்டி, "ஜல்தி, ஜல்தி!" என்கிறார். மாஷிமா ஜெயித்தார். இறங்கியதும் நந்தினி அக்காவின் கன்னத்தைக் கிள்ளி, அடுத்த ஞாயிறு மதியம் சாப்பிட வா என்று வங்காளத்தில் சொன்னார். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஊரில் யாரையும் தெரியாதாம்!

டீ வந்தது. நான் வழக்கம்போல என் வீர வரலாற்றைப் புதியவர்களுக்கு அவிழ்த்துவிட்டேன். இருட்டு, கேபிள் டை, என் கழுகுப் பார்வை. இந்த ஒரு வருஷத்தில் அந்தக் கண் பைனாகுலர் அளவுக்கு வளர்ந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நந்தினி அக்கா மட்டும் டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க தம்பி, பல்பே எரியலன்னு சொன்னீங்க. இருட்டுல, முன்னாடி போயிட்டிருந்த ஆளுக்கு, பின்னாடி நாற்காலிக்கு அடியில இருக்கறது எப்படித் தெரிஞ்சது?"

எனக்கு டீ புரையேறிவிட்டது. பூனை என்னைப் பார்த்தது.

மாமா, நான் அன்று எதையும் பார்க்கவில்லை.

ஒரு கையில் உங்கள் செருப்பு, மறு கையில் போன். நிறுத்து என்று யார் கத்தினாலும் நிற்க வேண்டும் என்றீர்களே, நிஜமாகவே நிற்பார்களா என்று பார்க்க ஆசை. நாலு பேரும் நீங்களும் சிலையாக நிற்பதை வீடியோ எடுத்து அக்காவைக் கேலி செய்யலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். என் கழுகுக் கண் போன் திரையில்தான் இருந்தது. சௌமிக்-தா குனிந்து, "ஏ பாபா" என்றபோது போனைப் பைக்குள் தள்ளினேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் புருவத்தைத் தூக்கி, நல்ல கண் என்றுவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியும். நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருவர்தான். என் கையில் இருந்த போனையும் பார்த்தீர்கள். அடுத்த ஞாயிறு நாற்காலி கிளம்புவதற்குமுன் என்னைக் கூப்பிட்டு, "போன வாரம் கண்ணு நன்னா இருந்துதே. இந்த வாரம் அடியில போய்ப் பாத்துட்டு வா" என்றீர்களே, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து பார்க்கிறேன், மாமா. ஒவ்வொரு ஞாயிறும், யார் நாற்காலியானாலும், தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்து ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தபிறகுதான் செருப்பைக் கையில் எடுக்கிறேன். சட்டை முதுகு முழுவதும் அழுக்கு. அம்மா திட்டித் தீர்க்கிறாள். இன்றும் அப்படித்தான், இரண்டு நாற்காலிக்கும். வீடியோ எடுக்க வந்த இந்தப் பயலும் ஏதோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்டுவிட்டான்.

நந்தினி அக்காவுக்குப் பதில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன். பதில் இதுதான். உங்களுக்கு எழுதியது, ஆனால் விலாசம் அவருடையதும்கூட, மூன்றாம் மாடி. படித்துவிட்டு எல்லோரிடமும் சொல்வார். சௌமிக்-தா என்னைத் தூக்கிப் போட்டு மிதிப்பார். மிதிக்கட்டும். காலையில் விட்டுப்போன எலுமிச்சைக்காகக் கூடை மறுபடி கீழே இறங்கித் தொங்குகிறது. எலுமிச்சைக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்துவிட்டேன். முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டேன், நிஜமாகவே.

ஹாபிஸ், மாமா.

வில்லங்கம்